60 யார்டு 6.84, எக்ஸிட் வெலோ 91: என் பையன் எங்கே நிற்கிறான்?

பிளேனோ_செந்தில் | பிப்ரவரி 3, இரவு 10:40

வணக்கம். இங்கே பேஸ்பால் பற்றிக் கேட்கலாமா என்று தயங்கினேன், ஆனால் தமிழில் கேட்க வேறு இடம் இல்லை. பையன் பதினோராம் வகுப்பு. சென்டர் ஃபீல்டர். வலது கையால் எறிவான், இடது பக்கம் நின்று அடிப்பான். எட்டு வயதில் பக்கத்து வீட்டுப் பையன் கூப்பிட்டான் என்று போனவன், அப்படியே அந்த ஆட்டத்தோடு போய்விட்டான். நான் கடலூரில் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன். இன்ஃபீல்ட் ஃப்ளை விதி என்னவென்று இன்றைக்கும் பக்கத்து நாற்காலிக்காரரைத்தான் கேட்கிறேன்.

போன சனிக்கிழமை ஒரு ஷோகேஸுக்கு, அதாவது அணிகளுக்கு ஆள் தேடும் ஸ்கவுட்டுகள் முன்னால் பையன்கள் திறமையைக் காட்டும் நிகழ்ச்சிக்கு, கூட்டிப் போனோம். காலை எட்டு மணிக்கு முதுகில் 214 என்று ஒட்டி உள்ளே அனுப்பினார்கள். 60 யார்டு ஓட்டம் 6.84 வினாடி. டீ என்கிற கம்பத்தின் மேல் பந்தை நிறுத்தி அடித்ததில் எக்ஸிட் வெலோ, அதாவது மட்டையை விட்டுப் பந்து தெறிக்கும் வேகம், மணிக்கு 91 மைல். அவுட்ஃபீல்டிலிருந்து எறிந்தது 84 மைல். உயரம் 5 அடி 11, எடை 165 பவுண்டு. மாலையில் மின்னஞ்சலில் ஒரு தாள் வந்தது: ஓட்டம் 50, கை 45, பவர் 35, ஹிட் 30/45. அடியில், விரிவான மதிப்பீடு வேண்டுமென்றால் இன்னும் 400 டாலர் என்று ஒரு வரி.

அந்த 30ஐப் பார்த்துவிட்டு என் மனைவி, "கணக்கில்கூட இவன் இவ்வளவு கம்மியாக வாங்கியதில்லையே" என்றாள். பையன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த எண்களுக்கு என்ன அர்த்தம்? 400 டாலர் கட்டலாமா?


மதுரைமைந்தன் | பிப்ரவரி 3, இரவு 11:15

கிரிக்கெட் மட்டையைக் கையில் கொடுத்திருந்தால் இந்த வம்பே இல்லை. சரி, எனக்கு ஒன்றும் தெரியாது. சுண்டல் பொட்டலத்தோடு ஓரமாக உட்கார்கிறேன், தெரிந்தவர்கள் பேசுங்கள்.


மூன்றாம்_பேஸ் | பிப்ரவரி 4, காலை 6:05

செந்தில், முதலில் வீட்டில் அம்மாவைச் சமாதானப்படுத்துங்கள். நம் ஊரில் 35 எடுத்தால் பாஸ், 30 என்றால் ஃபெயில். இது அந்தக் கணக்கு இல்லை. இது 20இல் தொடங்கி 80இல் முடியும் அளவுகோல். பிராஞ்ச் ரிக்கி கொண்டுவந்தது என்று சொல்வார்கள். ஜாக்கி ராபின்சனை 1947இல் டாட்ஜர்ஸ் அணியில் இறக்கினாரே, அதே ரிக்கி. இதில் 50 என்பது மேஜர் லீகில், அதாவது தொழில்முறை ஆட்டத்தின் உச்சியில், ஆடுகிறவரின் சராசரி. உங்கள் பள்ளியின் சராசரியோ டெக்சாஸ் பையன்களின் சராசரியோ இல்லை. மேலே கீழே ஒவ்வொரு பத்தும் ஒரு திட்ட விலக்கம். பிளஸ் டூ கணக்கில் படித்தோமே, அதேதான்.

அதனால் 16 வயதுப் பையனுக்கு இன்றைய ஹிட் 30 என்றால் அதில் வெட்கம் எதுவும் இல்லை. சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பது வளர்ந்தபின் என்ன ஆகலாம் என்ற ஊகம். நியாயமாகப் பார்த்தால் எனக்கு இடிப்பது அந்த 45தான். ஒரே ஒரு காலையில் பத்துப் பன்னிரண்டு பந்து பார்த்துவிட்டு, மேஜர் லீக் சராசரிக்கு ஒரு படி கீழே வரை வருவான் என்று எழுதியவர் ரொம்பத் தாராள மனசுக்காரர். இல்லையென்றால் 400 டாலருக்கு வாசல் தெளித்துக் கோலம் போட்டிருக்கிறார்.

பணம் கட்ட வேண்டாம். காரணம் பிறகு சொல்கிறேன், வேலைக்குக் கிளம்ப வேண்டும்.

(நான் நியூ ஜெர்சியில் ஒரு பள்ளி அணிக்கு 12 வருடமாகச் சம்பளமில்லாத உதவிப் பயிற்சியாளன். ஸ்கவுட் இல்லை. ஸ்கவுட்டுகளுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்துக் கேள்வி கேட்கிறவன்.)


எண்ணும்_எழுத்தும் | பிப்ரவரி 4, மதியம் 1:20

அளவுகோலைப் பற்றி அண்ணன் சொன்னது சரி. அளந்த விதத்தைப் பற்றி நான் கொஞ்சம்.

60 யார்டு என்பது சும்மா ஒரு எண் இல்லை. 180 அடி, அதாவது சரியாக இரண்டு பேஸ் தூரம். சென்டர் ஃபீல்டருக்கு 6.84 பரவாயில்லை. மேஜர் லீக் சராசரியே 6.8க்குப் பக்கத்தில்தான், 6.5க்குக் கீழே போனால்தான் பேனாவைத் திறப்பார்கள். ஆனால் எப்படி எடுத்தார்கள்? கைக் கடிகாரமா, லேசர் கதிரா? கையால் அழுத்துகிறவர் பையன் கிளம்பியதைக் கண் பார்த்து, விரல் அசைவதற்குள் ஒரு துளி போய்விடும். முடிவுக்கோட்டில் முன்கூட்டியே அழுத்துகிறவர்கள் வேறு உண்டு. 6.84 லேசரில் எடுத்தது என்றால் நல்லது. கையில் எடுத்தது என்றால் 6.9 என்று மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

ரேடாருக்கும் இதே கதை. பந்து போகும் கோட்டின் நேர் பின்னாலோ நேர் எதிரிலோ நின்று பிடித்தால் உண்மை வேகம். பக்கவாட்டில் சாய்ந்து நின்றால் குறைத்துக் காட்டும். இன்னொன்று, பிட்சர் கையை விட்ட நொடியில் 90 இருக்கும் பந்து, அடிக்கிறவன் நிற்கும் பிளேட்டுக்கு வரும்போது 82, 83தான் இருக்கும், காற்று தின்றுவிடுகிறது. எந்த இடத்தில் அளந்தது என்று சொல்லாமல் வேகம் சொல்வது, எந்தக் கடையில் என்று சொல்லாமல் தக்காளி விலை சொல்வது மாதிரி.

எக்ஸிட் வெலோ 91 டீயில் என்றீர்கள். எந்த மட்டை? பள்ளி ஆட்டத்தில் உலோக மட்டை என்றால் 2012 முதல் பிபிகோர் முத்திரை போட்டதுதான். பந்து மர மட்டையில் பட்டதைப் போலத் தெறிக்க வேண்டும் என்பதற்காக வந்த விதி அது. இருந்தாலும் உலோகத்தில் பருத்த பாகம் பெரிது, கொஞ்சம் தப்பாகப் பட்டாலும் மன்னிக்கும். மரம் மன்னிக்காது. மர மட்டையில் 91 என்றால் நான் நிமிர்ந்து உட்காருவேன்.

கடைசியாக ஒன்று, அந்தத் தாளில் இல்லாதது. பையனின் பிறந்த மாதம் என்ன?


பிளேனோ_செந்தில் | பிப்ரவரி 4, இரவு 9:50

கடிகாரம் கையில்தான். மட்டை உலோகம். போச்சா?

பிறந்தது ஜூலை. வகுப்பிலேயே இவன்தான் சின்னவன், இந்த ஜூலையில்தான் 17 முடியும். அது ஏன் முக்கியம்?


எண்ணும்_எழுத்தும் | பிப்ரவரி 4, இரவு 10:30

போகவில்லை, சொல்லப்போனால் வந்தது. ஒரே வகுப்பில் இருக்கும் இரண்டு பையன்களுக்கு இடையே பத்துப் பதினோரு மாத வயது வித்தியாசம் இருக்கலாம். அந்த வயதில் பத்து மாதம் என்பது ஒரு இஞ்சு உயரம், பத்துப் பவுண்டு சதை. செப்டம்பரில் பிறந்தவன் அடித்த 95ஐவிட உங்கள் பையனின் 91 எனக்குப் பிடிக்கும். அணிகளும் இப்போது இதைக் கணக்கில் எடுக்கின்றன. பள்ளியிலிருந்து நேராக டிராஃப்டுக்கு (மேஜர் லீக் அணிகள் முறைவைத்துப் புது ஆட்களை எடுக்கும் தேர்வு) வருகிறவனுக்கு 19 வயது ஆகிவிட்டிருந்தால் அவனுடைய மதிப்பு கொஞ்சம் இறங்கும். 2009 டிராஃப்டில் எடுக்கப்பட்டபோது மைக் டிரவுட்டுக்கு வயது 17. பிறந்தது ஆகஸ்ட்.


மூன்றாம்_பேஸ் | பிப்ரவரி 5, இரவு 11:55

டிரவுட் பெயர் வந்துவிட்டது. எங்கள் மாநிலத்துப் பிள்ளை, சும்மா விட முடியாது.

மில்வில் என்கிற ஊர், நியூ ஜெர்சியின் தெற்கு மூலை. அந்த வருடம் டிரவுட்டுக்கு முன்னால் 24 பேரை எடுத்தார்கள். ஏஞ்சல்ஸ் அணிக்கே 24, 25 இரண்டும் கையில் இருந்தன. 24இல் ராண்டல் கிரிச்சக்கை எடுத்துவிட்டு 25இல்தான் டிரவுட். பிறகு மூன்று முறை எம்விபி, அதாவது அந்த ஆண்டின் மிக மதிப்புள்ள வீரர். ஏன் அப்படி நழுவினார்? எங்கள் ஊரில் மார்ச் மாதம் கையுறைக்குள் விரல் விறைக்கும், மழையில் பாதி ஆட்டம் போகும். கலிஃபோர்னியாப் பையனை நாற்பது முறை பார்த்துவிட்ட ஸ்கவுட், ஜெர்சிப் பையனைப் பார்த்தது நாலு முறை இருக்கும். வந்த பிட்சர்களும் அவ்வளவு வேகம் இல்லை. "இவன் நல்ல பந்தை அடிப்பானா" என்ற கேள்விக்கு யாரிடமும் விடை இல்லை. ஏஞ்சல்ஸின் கிரெக் மோர்ஹார்ட்டுக்கு மட்டும் தைரியம் இருந்தது. பையனின் அப்பாவோடு மைனர் லீகில், மேஜர் லீகுக்குக் கீழ்ப்படியில், சேர்ந்து ஆடியவர் அவர். அந்தக் குடும்பத்தின் உடம்பு எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்.

இன்னொரு குளிர் மாநிலக் கதை. 1992இல் ஹூஸ்டன் அணிக்கு முதல் தேர்வு. அவர்களுடைய மிச்சிகன் ஸ்கவுட் ஹால் நியூஹவுசர், தானே இரண்டு முறை எம்விபி வாங்கிய பிட்சர், கலமசூ ஊரில் ஒரு ஷார்ட்ஸ்டாப் பையனைப் பார்த்துவிட்டு இவனைத்தான் எடுக்க வேண்டும் என்று மன்றாடினார். ஹூஸ்டன் கல்லூரி வீரர் ஃபில் நெவினை எடுத்தது. நியூஹவுசர் வேலையை விட்டுவிட்டார். ஆறாவதாக யாங்கீஸுக்குப் போன அந்தப் பையன்தான் பின்னாளில் பெரிய நட்சத்திரமான டெரிக் ஜீட்டர்.

இதைச் சொல்வது கண்ணுக்குக் கிரீடம் வைக்க இல்லை. இந்த இரண்டு பேரும் என்ன பார்த்தார்கள் என்பதுதான் சங்கதி. ஐந்து திறன் என்பார்கள்: அடிப்பது, பவர், ஓட்டம், கை, ஃபீல்டிங். ஓட்டத்துக்குக் கடிகாரம், கைக்கு ரேடார், பவருக்கு எக்ஸிட் வெலோ. அடிப்பதற்கு? உங்கள் பையன் டீயில் அடித்தான், டீ ஏமாற்றாது. 90 மைல் பந்து கையை விட்டுப் பிளேட்டுக்கு வர 0.4 வினாடி. அதற்குள் இது ஃபாஸ்ட்பாலா, சுழல்கிறதா, ஸ்ட்ரைக் எல்லைக்குள் விழுமா என்று முடிவு செய்ய வேண்டும். இரண்டு ஸ்ட்ரைக் ஆனபின் வெளியே வளைந்து போகும் ஸ்லைடரை விட்டுவிட மனம் வருமா? இது ஷோகேஸில் தெரியாது. பத்து ஆட்டம் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

நீங்களே பாருங்கள். பையன் இடது கை ஆட்டக்காரன், அவன் நெஞ்சு திரும்பி நிற்பது மூன்றாம் பேஸ் பக்கம். நாற்காலியை அங்கே போடுங்கள். பிளேட்டுக்குப் பின்னால் இருக்கும் பேக்ஸ்டாப் வலைக்குப் பின்னால் உட்கார்ந்தால் முதுகும் தோளும்தான் தெரியும். இந்தப் பக்கத்தில் கை, இடுப்பு, முன்கால் எப்போது இறங்குகிறது எல்லாம் தெரியும். ஃபோனைப் பையில் போடுங்கள். ஒரு நோட்டு. ஒவ்வொரு பந்துக்கும் நாலு விஷயம்: நேரா வளைவா, உள்ளேயா வெளியேயா, ஆடினானா விட்டானா, என்ன ஆயிற்று. சராசரியைக் கணக்கிடாதீர்கள், பள்ளி ஆட்டத்தில் .400 என்பதெல்லாம் எதிரில் எறிகிறவன் யார் என்பதைப் பொறுத்தது. முதல் பேஸுக்கு ஓடுவதையும் எடுங்கள். இடது கைக்காரன் ஒரு அடி முன்னால் நிற்பதால் 4.2 சராசரி, வலது கைக்காரனுக்கு 4.3. ஷோகேஸில் 6.84 ஓடுகிறவன் ஆட்டத்தில் சப்பையாக உருட்டிவிட்டு 4.7இல் நடந்தால், ஸ்கவுட் எழுதுவது 4.7ஐத்தான்.


எண்ணும்_எழுத்தும் | பிப்ரவரி 6, மதியம் 12:45

அண்ணா, கதை அருமை. ஆனால் கண் ஜெயித்த கதையை மட்டும் சொல்கிறீர்கள். கண் தோற்ற கதைக்கு நூலகம் வேண்டும். பின்னாளில் பெரிய நட்சத்திரமான ஆல்பர்ட் பூஹோல்ஸ் 1999இல் 13ஆவது சுற்று, 402ஆவது ஆள். மைக் பியாஸா 1988இல் 62ஆவது சுற்று, 1,390ஆவது. அதுவும் டாட்ஜர்ஸ் மேலாளர் டாமி லசோர்டா பியாஸாவின் அப்பாவுக்கு நண்பர் என்பதால். பிறகு 2016இல் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார். இன்றைக்கு டிராஃப்டே 20 சுற்றுதான், பியாஸா பெயரே வந்திருக்காது. மறுபக்கம் பில்லி பீன். 1980இல் சான் டியேகோ பள்ளி மாணவர், ஐந்து திறனும் பொருந்திய உடம்பு என்று ஸ்கவுட்டுகள் சொக்கிப்போய் முதல் சுற்றில் மெட்ஸ் எடுத்தது. மேஜர் லீகில் அவருடைய சராசரி .219.

அப்புறம், முடிவெடுப்பதை அளக்கவே முடியாது என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். மூக்கி பெட்ஸ் நாஷ்வில் பள்ளியில் படித்தபோது ரெட் சாக்ஸ் ஸ்கவுட் ஒரு மடிக்கணினியைக் கொண்டுவந்து வைத்தார். திரையில் பந்துகள் வரும், சொன்ன மாதிரித் தையல் இருந்தால் விசையைத் தட்ட வேண்டும், இல்லையென்றால் சும்மா இருக்க வேண்டும். பார்ப்பதற்குச் சின்னப் பிள்ளை விளையாட்டு. 2011இல் ஐந்தாவது சுற்றில் எடுத்தார்கள், 2018இல் எம்விபி. இப்போது பெரிய கல்லூரி மைதானங்களில் டிராக்மேன் என்கிற ரேடார் கருவி எல்லாப் பந்தையும் பதிவு செய்கிறது. எல்லைக்கு வெளியே போன பந்தில் எத்தனை சதவீதம் ஆடினான் என்று எடுப்பது இன்று வெறும் வடிகட்டல் வேலை. நீங்கள் நோட்டில் எழுதச் சொல்வதைத்தான் அந்தக் கருவி எழுதுகிறது, கொட்டாவி விடாமல்.


மூன்றாம்_பேஸ் | பிப்ரவரி 6, இரவு 8:10

அடித்தீர்கள். பியாஸா விஷயத்தில் பதில் இல்லை.

ஆனால் செந்தில் பையனின் பள்ளி மைதானத்தில் டிராக்மேன் இல்லை தம்பி. ஸ்கோர்போர்டில் ஒரு பல்பு எரியாது. அதனால்தான் நோட்டு.


வசந்தி_ஃபீனிக்ஸ் | பிப்ரவரி 8, காலை 9:30

செந்தில், ஒரு கேள்வி. எறிதல் 84 என்று வந்ததும் அதை ஏற்ற வேண்டும் என்று யாராவது சொன்னார்களா? எடை கூடிய பந்தை எறிவது மாதிரி ஏதாவது?


பிளேனோ_செந்தில் | பிப்ரவரி 8, இரவு 7:15

எப்படி அக்கா கண்டுபிடித்தீர்கள்? ஷோகேஸில் பார்த்த ஒருவர் எட்டு வாரப் பயிற்சி, 90 உத்தரவாதம் என்றார். பள்ளியில் பிட்சர் குறைச்சல் என்று இவனை வாரத்தில் ஒரு நாள் எறியவும் வைக்கிறார்கள். இவனுக்கு ஆசைதான்.


வசந்தி_ஃபீனிக்ஸ் | பிப்ரவரி 8, இரவு 10:20

நான் உடலியக்க மருத்துவர். என் பெரியவன் பிட்சர். அதனால் இதில் எனக்கு இரண்டு பக்கமும் தெரியும், அதில் ஒரு பக்கம் வலித்துத் தெரிந்தது.

அவனுக்குப் பதினைந்து வயதில் ஒரு பயிற்சிக் கூடத்தில் சேர்த்தோம். சுவரில் பெரிய திரை, ஒவ்வொரு எறிக்கும் வேகம் சிவப்பில் ஒளிரும். பையன்கள் திரையைப் பார்த்துக்கொண்டே எறிவார்கள். அஞ்சே மாதத்தில் 81 இருந்தது 87 ஆனது. நானும் வீட்டுக்காரரும் வாட்ஸாப்பில் படம் போட்டோம். ஆறாவது மாதம் பல் தேய்க்கும்போது முழங்கை வலிக்கிறது என்றான். இத்தனைக்கும் என் தொழிலே அதுதான். நான் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்கவில்லை, எண் ஏறுகிறதே என்று இருந்துவிட்டேன். உள்பக்கத் தசைநார். அறுவை சிகிச்சை, ஒரு வருடத்துக்கு மேல் பந்தைத் தொடவில்லை.

டாமி ஜான் அறுவை சிகிச்சை என்று எல்லோரும் சாதாரணமாகச் சொல்கிறார்கள். 1974இல் ஃபிராங்க் ஜோப் அந்தப் பெயருள்ள பிட்சருக்கு முதன்முதலில் செய்தபோது அது ஒரு சூதாட்டம். இன்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்கிறார்கள். தசை வேகமாக வளரும், எலும்போடு கட்டியிருக்கும் நார் அதே வேகத்தில் வளராது. உடம்பு தாங்குவதற்குமுன் கை வேகம் பழகிவிடுகிறது. சிக்கல் அங்கேதான்.

மேஜர் லீகும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து 2014இல் பிட்ச் ஸ்மார்ட் என்று ஒரு அட்டவணை வெளியிட்டன. 15, 16 வயதுக்கு ஒரு நாளில் அதிகபட்சம் 95 பந்து, 75ஐத் தாண்டினால் நாலு நாள் ஓய்வு. 17, 18க்கு 105. அச்செடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். ஒன்று கவனியுங்கள், அந்தக் கணக்கில் அவன் சென்டர் ஃபீல்டில் நின்று பிளேட்டுக்கு எறிவது சேராது, ஷோகேஸில் முழு வேகத்தில் எறிந்த ஐந்தும் சேராது. கைக்கு எல்லாம் சேரும்.

84 போதாது என்று யார் முடிவு செய்தது? 16 வயது, 165 பவுண்டு. காலிலும் இடுப்பிலும் சதை போட்டால் தானாக ஏறும். வருடத்தில் மூன்று நாலு மாதம் கையைச் சும்மா விடுங்கள்.

பெரியவன் இப்போது இரண்டாண்டுக் கல்லூரியில் ஃபர்ஸ்ட் பேஸ் ஆடுகிறான். சந்தோஷமாகத்தான் இருக்கிறான்.


மதுரைமைந்தன் | பிப்ரவரி 9, காலை 8:00

சுண்டல் தொண்டையில் நிற்கிறது. அக்கா, மன்னிக்கவும்.

ஒரு சந்தேகம். குமார் ராக்கர் என்று ஒரு பெயரைப் பார்த்தேன். குமாரா? நம்மவரா?


எண்ணும்_எழுத்தும் | பிப்ரவரி 9, காலை 11:10

அம்மா வழியில் இந்தியக் குடும்பம். அப்பா டிரேசி ராக்கர் அமெரிக்கக் கால்பந்து வீரர். அக்கா சொன்னதற்கே அந்தக் கதை பொருந்தும். 2018இல் ஜார்ஜியாவில் பள்ளி முடித்தபோது 38ஆவது சுற்றில் ராக்கீஸ் எடுத்தது. திறமை இல்லாமல் இல்லை, வாண்டர்பில்ட் கல்லூரிக்குப் போகிறான் என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே 2019இல் டியூக் அணிக்கு எதிராக ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் 19 பேரை ஸ்ட்ரைக் அவுட். 2021இல் பத்தாவதாக மெட்ஸ் எடுத்தது, மருத்துவச் சோதனையில் கையைப் பார்த்துவிட்டு ஒப்பந்தமே போடவில்லை. மறு வருடம் ரேஞ்சர்ஸ் மூன்றாவதாக எடுத்தது. 2023இல் டாமி ஜான். 2024 செப்டம்பரில்தான் மேஜர் லீக் மேடேறினார். ரேடாரில் எல்லாம் பச்சை, எம்ஆர்ஐ வேறு கதை சொன்னது.


மதுரைமைந்தன் | பிப்ரவரி 9, மாலை 6:40

இந்தியாவில்கூட 2008இல் யார் வேகமாக எறிகிறார்கள் என்று ஊர் ஊராகப் போட்டி வைத்து இரண்டு உத்தரப் பிரதேசப் பையன்களை அமெரிக்கா கூட்டிப் போனார்களே?


மூன்றாம்_பேஸ் | பிப்ரவரி 9, இரவு 9:25

ரிங்கு சிங், தினேஷ் படேல். ஈட்டி எறிந்த கைகள். அதற்குமுன் பேஸ்பாலைத் தொட்டதில்லை. அந்த வருட இறுதியிலேயே பைரேட்ஸ் ஒப்பந்தம் போட்டது, அதுவே பெரிய சாதனை. மைனர் லீகில் ஆடினார்கள், மேஜர் லீக் வரை போகவில்லை. ரேடாரை மட்டும் நம்பி ஆள் தேடினால் எவ்வளவு தூரம் போகும், எங்கே நிற்கும் என்பதற்கு இதைவிடச் சுத்தமான சோதனை கிடைக்காது.


நம்பர்_7 | பிப்ரவரி 11, இரவு 12:30

ஹாய். நான் பன்னிரண்டாம் வகுப்பு, கரோலினா. தமிழ் மெதுவாகத்தான் டைப் பண்ண வரும், தப்பு இருந்தால் சாரி. அம்மா இந்த இழையைக் காட்டினாங்க. நானும் ஷோகேஸ் போயிருக்கேன், ஒன்பது தடவை.

அங்கிள், ஒன்று சொல்லலாமா? ஷோகேஸில் பயம் இல்லை. அங்கே யாரையும் தெரியாது. பயம் வருவது வீட்டுக்குப் போகிற காரில். அப்பா ஃபோனில் வீடியோ எடுத்திருப்பார், சிக்னலில் நிற்கும்போது காட்டுவார், பார் உன் தோள் எப்படித் திறக்குது என்று. அவர் சொல்வது சரிதான். அதுதான் பிரச்சனை. அடுத்த தடவை பேட் பண்ணும்போது பந்தைப் பார்க்காமல் என் தோளை நினைப்பேன்.

இப்போ எனக்கு டிவிஷன் 3, அதாவது மூன்றாவது அடுக்குக் கல்லூரி கிடைச்சிருக்கு. நல்ல கல்லூரி. அப்பா மேல கோபம் எல்லாம் இல்லை.


மூன்றாம்_பேஸ் | பிப்ரவரி 11, காலை 6:15

தம்பி, உன் தமிழில் ஒரு குறையும் இல்லை. நல்லா இரு.

செந்தில், 400 டாலர் பாக்கி இருக்கிறது, சொல்லி முடிக்கிறேன். முதல் அடுக்கான டிவிஷன் 1 கல்லூரிப் பயிற்சியாளர்கள் பதினோராம் வகுப்புக்குமுன் வரும் ஆகஸ்ட் 1 முதல்தான் பையனிடம் பேசலாம். ஆக உங்களுக்குக் கதவு திறந்து ஆறு மாதம் ஆகிவிட்டது. இதுவரை அழைப்பு வரவில்லை என்றால் உடைந்துபோக வேண்டாம், காலமே அப்படி. முன்பு ஓர் அணிக்கு 11.7 உதவித்தொகை, அதைப் பிய்த்துப் பலருக்குக் கொடுப்பார்கள். 2025-26 முதல் அந்த வரம்பு போய், புதிய ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளில் அணிக்கே 34 பேர் என்று உச்சவரம்பு. வேறு கல்லூரியிலிருந்து மாறி வரும் 21 வயதுக்காரன் கையில் கிடைக்கும்போது 17 வயதுப் பையனுக்கு இடம் சுருங்கத்தான் செய்யும். இரண்டாண்டுக் கல்லூரியை யாராவது மட்டமாகப் பேசினால், பூஹோல்ஸ் அங்கிருந்துதான் வந்தார் என்று சொல்லுங்கள். பிரைஸ் ஹார்ப்பர் பள்ளியைப் பாதியில் முடித்துக்கொண்டு அப்படி ஒரு கல்லூரிக்குப் போய், 2010இல் முதல் ஆளாக எடுக்கப்பட்டார்.

எந்தப் பயிற்சியாளரும் இன்னொருவர் காசு வாங்கி எழுதிய 45ஐ நம்பி இடம் தர மாட்டார். அவர் கேட்பது வீடியோ, மதிப்பெண் பட்டியல், பள்ளிப் பயிற்சியாளரின் தொலைபேசி எண். மூன்றுக்கும் செலவில்லை. பள்ளி மதிப்பெண்ணைச் சும்மா சொல்லவில்லை, அது நன்றாக இருந்தால் உதவி வேறு பையிலிருந்தும் வரும். மிச்சமாகும் 400இல் ஒரு மர மட்டை வாங்கிக் கொடுங்கள், இன்னும் மீதி இருக்கும்.


பிளேனோ_செந்தில் | மார்ச் 29, இரவு 11:05

எல்லோருக்கும் வணக்கம், ஆளைக் காணோம் என்று நினைத்திருப்பீர்கள். ஆட்டங்கள் தொடங்கிவிட்டன. எட்டு வாரப் பயிற்சிக்குப் பணம் கட்டவில்லை. பிட்ச் ஸ்மார்ட் தாளைப் பயிற்சியாளரிடமே கொடுத்தேன், முகம் சுளித்தார், ஆனால் அதன் பிறகு ஒரு நாளில் 40 பந்துக்கு மேல் எறியச் சொல்லவில்லை. வசந்தி அக்காவுக்கு நன்றி.

நோட்டு: ஏழு ஆட்டம், 23 முறை பிளேட்டுக்கு வந்தான். நாற்காலி மூன்றாம் பேஸ் பக்கம். முதல் நாள் அவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான், இந்த மனுஷன் ஏன் இடம் மாறிவிட்டார் என்று. எல்லைக்கு வெளியே வளைந்த பந்து 31, ஆடியது 6. நான் குறித்தது சரியா என்று சந்தேகம் இருந்தது, வீட்டில் பெரியவளையும் ஒரு ஆட்டத்துக்குத் தனியாக எழுதச் சொன்னேன். கிட்டத்தட்ட ஒத்துப்போனது.

ஆனால் வேறொன்று கண்ணில் பட்டது. முதல் பந்து. 23இல் 15 முறை முதல் பந்து நடுவில் வந்த ஃபாஸ்ட்பால், பட்டர் மாதிரி. ஒன்றைக்கூட ஆடவில்லை. பதினைந்தும் சும்மா விட்டான். கண் நல்லது என்று எழுதுவதா, இல்லை பயம் என்று எழுதுவதா என்று புரியவில்லை. நேற்று சாப்பிடும்போது கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "முதல் பந்திலேயே அவுட் ஆனால், ஏன் அவசரப்பட்டாய் என்று காரில் கேட்பீங்களே அப்பா" என்றான். எப்போது கேட்டேன் என்று எனக்கு ஞாபகமே இல்லை. பத்து வயதில் கேட்டீங்க, பன்னிரண்டு வயதில் கேட்டீங்க என்று மைதானத்தின் பெயரோடு சொல்கிறான். கிரிக்கெட்டில் முதல் ஓவர் நின்று பார்க்கச் சொல்வோமே, அந்தப் புத்தி.


நம்பர்_7 | மார்ச் 29, இரவு 11:40

😄 சொன்னேன்ல அங்கிள்.


மூன்றாம்_பேஸ் | மார்ச் 30, காலை 6:00

15க்கு 0. ஜெர்சியிலிருந்து நான் ஒரு வருடம் வந்து பார்த்தாலும் காரணத்தைக் கண்டுபிடித்திருக்க மாட்டேன். என்ன பதில் சொன்னீர்கள்?


பிளேனோ_செந்தில் | மார்ச் 30, இரவு 9:30

ஒன்றும் சொல்லவில்லை அண்ணா. இன்றைக்குப் பயிற்சிக்கு அவனே காரை ஓட்டிக்கொண்டு போனான்.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. முதல் பேஸுக்கு ஓட்டம் எடுத்தேன், ஆறு முறை. நல்லதாக வந்தது 4.18. சராசரியைவிடக் கொஞ்சம் மேல்தானே?


எண்ணும்_எழுத்தும் | மார்ச் 30, இரவு 9:50

கடிகாரத்தை எப்போது அழுத்தினீர்கள்?


பிளேனோ_செந்தில் | மார்ச் 30, இரவு 9:52

அவன் ஓட ஆரம்பித்ததும்.


எண்ணும்_எழுத்தும் | மார்ச் 30, இரவு 9:55

பந்து மட்டையில் பட்ட நொடியில் அழுத்த வேண்டும். கால் பேஸை மிதிக்கும்போது நிறுத்த வேண்டும். பந்த் (ஓங்கி அடிக்காமல் மட்டையை நீட்டி மெல்லத் தட்டுவது) போட்டு ஓடியதைச் சேர்க்கக் கூடாது, பாதி ஓட்டத்தில்தான் பந்து படும்.


பிளேனோ_செந்தில் | மார்ச் 30, இரவு 10:10

அப்படியென்றால் 4.3, 4.4 இருக்கும். அந்த 4.18 வேறு பந்த்தான். சரி, வெள்ளிக்கிழமை வெளியூர் ஆட்டம். திரும்ப எடுக்கிறேன்.